கோமதிநாயகத்தின் பின்மண்டை

மாப்பிள்ளை, இந்தக் கல்யாண மேடையில ஒரு குட்டிக் கதையைச் சொல்லிட்டு இறங்கிடுறேன்... பந்தியில இப்பதான் இலை போடுறாங்க, பயப்படாதீங்க.

எங்க தெருவுல கோமதிநாயகம்னு ஒருத்தர். வீட்டுக்காரம்மா பேரு வடிவு. "ஏங்க, அடுப்புல பாலைக் கொஞ்சம் பாருங்க"ன்னு அந்தம்மா சொன்னா, இவரு பேப்பரைப் பாப்பாரு. பாலு பொங்கி வழியும். ஒரு நாள் சண்டை முத்திப்போச்சு. மனுஷன் என்ன பண்ணாரு? "வடிவு... எனக்குக் கண்ணு தெரியலட்டி"ன்னுட்டாரு.

எவ்வளவு வசதி பாருங்க. பாலைப் பாக்க வேண்டாம், கடைக்குப் போக வேண்டாம், தோசையைப் பிச்சு வாயில குடுக்குறாங்க. ஆனா அந்தம்மா? பதறிப் போயிட்டாங்க. முழங்கால் வரைக்கும் முடி அவங்களுக்கு... "முருகா, இவருக்குப் பார்வையைக் குடு, திருச்செந்தூர் வந்து மொட்டை போட்டுக்கிடுறேன்"னு நேந்துக்கிட்டாங்க. இது அவருக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டாக்டரம்மா டார்ச் அடிச்சுப் பாத்தாங்க, கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. "சரி, கண்ணு பாக்குறது மூளைக்குப் போகுதான்னு பாத்துடுவோம்"னு இருட்டு ரூம்ல உக்கார வச்சு, பின்மண்டையில பசை தடவி ஒயரை ஒட்டிட்டாங்க. எதிர டிவியில கறுப்பு வெள்ளைக் கட்டம் மாறி மாறி வருது.

நம்மாளு என்ன நினைச்சாரு? "இவங்க சோதிக்கிறது பின்பக்கத்தை. அப்ப முன்பக்கம் நம்ம பாட்டுக்குப் பாத்துக்கிடலாம்." கண்ணை அகல விரிச்சு... அந்தக் கட்டத்தை ரசிச்சு ரசிச்சுப் பாக்குறாரு.

அய்யா, பாக்குற வேலையே பின்மண்டையிலதானே நடக்குது? இங்க கட்டம் மாற மாற, அங்க மெஷின்ல அலை எழும்புது.

டாக்டரம்மா சொன்னாங்க: "கண்ணுல இருந்து மூளைக்குப் போற பாதை நல்லாருக்கும்மா. சாருக்கு எல்லாம் போய்ச் சேருது."

வடிவு கையெடுத்துக் கும்பிட்டாங்க. "வாங்க, நேரா திருச்செந்தூர் போயி என் முடியைக் குடுத்துட்டு வந்துடுவோம்."

"முடியா? எதுக்குட்டி?"

"உங்க கண்ணுக்குத்தான். நேந்திருக்கேன்."

இப்ப யோசிங்க... வாயைத் தொறந்தா இவரு மானம் போகுது. தொறக்கலன்னா அவங்க முடி போகுது. கடைசியில மெதுவா, "வடிவு... எனக்குக் கண்ணு போகவே இல்லட்டி."

அந்தம்மா அழுதாங்க. அழுது முடிச்சு முகத்தைத் தொடச்சுக்கிட்டு, "சாமிக்குச் சொன்னது சொன்னதுதான். மொட்டை ஒண்ணு குடுத்தாகணும். யாரு தலைன்னு முருகன் கேக்க மாட்டாரு"ன்னாங்க.

மொட்டையில சந்தனத்தோட வந்து இறங்கினாரு. கொஞ்ச நாள் ஒழுங்கா இருந்தாரு... அப்புறம் "காது கேக்கல"ன்னு ஆரம்பிச்சாரு. அந்தம்மா அந்த மண்டையைத் தடவிப் பாத்து, "நல்லதாப் போச்சு, ஒயர் ஒட்ட வசதியா இருக்கு"ன்னாங்க. உடனே காது கேட்டுருச்சு.

மாப்பிள்ளை, கண்ணு பாத்தது மூளைக்குப் போச்சான்னு மெஷின் சொல்லிடும். போனதுக்கப்புறம் எந்திரிச்சுப் போயி அடுப்பை அணைச்சீங்களா? அதை இந்தப் பொண்ணுதான் சொல்லணும்.

உங்களுக்கு முடி நல்லா அடர்த்தியா இருக்கு. பத்திரமா வச்சுக்கிடுங்க.