வாடிக்கையாளருக்குத் திருப்தி

மனைவி: இன்னொரு தரம் படிங்கம்மா.

அலுவலர்: "வாஷிங் மெஷின் நல்ல நிலையில் உள்ளது. வாடிக்கையாளருக்குத் திருப்தி." நாலு புகாருக்கும் கம்பெனி இதே பதில்தான் போட்டிருக்கு.

மனைவி: திருப்தியா! தண்ணியக் குடிச்சிட்டு அது பாட்டுக்குக் கல்லு மாதிரி நிக்குது. ஆபரேஷன் பண்ண மணிக்கட்ட வச்சுக்கிட்டு நான் போர்வை பிழியறேன்...

கணவர்: மெதுவா பேசு. ஆபீஸ் இது.

மனைவி: நீங்க சும்மா இருங்க.

அலுவலர்: வாரண்டி முடிய இன்னும் மூணு வாரந்தான் இருக்கு. நுகர்வோர் கோர்ட்டுக்கு நானே எழுதித் தரேன். ஆனா நாலு தடவை திருப்தின்னு நீங்களே சொல்லிட்டு வந்தா, வழக்கு எப்படி நிக்கும்?

மனைவி: நாங்க எங்க சொன்னோம்?

அலுவலர்: மெக்கானிக் வந்துட்டுப் போறப்ப உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். அத நீங்க சொன்னாத்தான் அவரால புகார மூட முடியும். ரெண்டு பேரும் ஏன் சுவத்தப் பாக்கறீங்க?

மனைவி: எந்தப் போனுக்கு வந்துச்சாம்?

அலுவலர்: முதல் புகாரும் மூணாவதும் சார் போன். ரெண்டாவதும் நாலாவதும் உங்க போன்.

கணவர்: அடிப்பாவி! நீயுமா?

மனைவி: நீங்க ஏன் சொன்னீங்க? அதச் சொல்லுங்க முதல்ல!

கணவர்: அது... அவன் மெஷினுக்குப் பின்னாடி காட்டினான். கம்பெனி ஒட்டின சீல் கிழிஞ்சிருந்துச்சு. "வீட்டுல யாரோ திறந்திருக்கீங்க, இத எழுதினா வாரண்டி போச்சு. நம்பரச் சொல்லுங்க, கோளாறு இல்லன்னு எழுதிடறேன்"னான்.

அலுவலர்: நீங்க திறந்தீங்களா சார்?

கணவர்: நானா? இவதான் மிக்ஸியையே கத்தியால நெம்பித் திறந்தவ. கேட்டா மனசு நோகுமேன்னு...

மனைவி: ஐயோ! என்கிட்டயும் அதேதான் சொன்னான். நான் இவர்தான்னு நினைச்சேன். ஃபேன் ரிப்பேர் பண்ணி மூணு ஸ்க்ரூ மிச்சம் வச்ச மனுஷன்மா! நாலு பேர் முன்னால மானம் போக வேணாமேன்னு...

அலுவலர்: இருங்க, இருங்க. எனக்குத் தலை சுத்துது. நீங்க திறக்கல?

மனைவி: சத்தியமா இல்ல.

அலுவலர்: சார்?

கணவர்: கிட்டயே போனதில்ல. எனக்குத் துவைக்கவே தெரியாது.

மனைவி: அது உண்மைதான்.

அலுவலர்: வீட்டுல வேற யாரு?

கணவர்: நாங்க ரெண்டே பேர்தான். பிள்ள குட்டி இல்ல.

அலுவலர்: மெஷின் வரும்போது பெட்டி பிரிக்காம வந்துச்சா?

கணவர்: பெட்டியா... மாடிப்படில ஏறாதுன்னு கடை ஆளுங்க கீழயே பிரிச்சுட்டோம்னாங்க.

அலுவலர்: பெட்டிய நீங்க கண்ணால பாத்தீங்களா?

கணவர்: ...இல்லியே.

அலுவலர்: சரியாப் போச்சு. யாரோ திருப்பிக் குடுத்தத உங்க தலைல கட்டியிருக்காங்க.

கணவர்: புதுசுன்னு ரசீது குடுத்தானே!

அலுவலர்: கோர்ட்டுல சீல மட்டும் காட்டினா, நீங்கதான் கிழிச்சீங்கன்னுவாங்க. வரும்போதே பழசுங்கறதுக்கு வேற ஏதாவது இருக்கா?

கணவர்: வேற என்ன இருக்கப் போகுது... ஏம்மா, ஏன் இப்ப அழறே?

மனைவி: நான் ஆஸ்பத்திரில கெடந்தப்பதானே வாங்கினீங்க? வீட்டுக்கு வந்து முதல் முதலா துணி போடக் கைய விட்டேன்... உள்ள ஒரு குட்டி சாக்ஸ். கைக்குழந்தையோடது.

கணவர்: சாக்ஸா? எங்கிட்ட சொல்லவே இல்லியே!

மனைவி: எப்படிச் சொல்றது? பத்து நாள் நான் வீட்டுல இல்ல. நமக்கோ பிள்ளையே இல்ல. கேட்டா என்ன பதில் வருமோன்னு...

கணவர்: அடக் கடவுளே! அதனாலதான் இத்தனை நாளா மூஞ்சி குடுத்துப் பேசலியா?

அலுவலர்: அம்மா, அந்த சாக்ஸ் இப்ப எங்க?

மனைவி: இந்தாங்க, இந்தப் பையிலதான் இருக்கு. இவர் மேல யார்கிட்டப் போய்ப் புகார் குடுக்கறதுன்னு தெரியாம, பதினோரு மாசமா கூடவே வச்சிக்கிட்டு அலையறேன்.