நாக்கால் தூக்கும் கை

காலை ஷிப்டு பஸ். கண்டக்டர் ஆட்களைப் பனியன் பண்டல் மாதிரி அமுக்கி ஏற்றினான். அந்தக் கடுப்பில் நின்ற என் காதில், முன்சீட்டில் இருந்த பெண் சொன்னது விழுந்தது.

“எங்க ஊட்டுக்காரரு இப்ப நாக்குல கையைத் தூக்குறாருங்க அக்கா.”

பக்கத்தில் இருந்தவள் திரும்பினாள். “என்ன அம்மிணி சொல்ற?”

“லாரி மோதி ரெண்டு கையும் வெளங்காமப் போயிருச்சில்லீங்க. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில கைக்கு மோட்டாரும் கரண்டியும் வெச்ச பட்டை கட்டுனாங்க. உதட்டுக்கு முன்னால கம்பியில ஒரு சுவிட்சு. நாக்கை நீட்டித் தொட்டா கை மேல வரும். நேத்து அதுல அவரே உண்டு காட்டோணும், இல்லீன்னா பட்டை வேற ஆளுக்குன்னுட்டாங்க. அவரா உண்டாத்தானே நான் வேலைக்குப் போக முடியும்?”

“கல்நெஞ்சக்காரனுக! உண்டாரா?”

“எங்கீங்க? டாக்டரு ‘மெதுவா’ம்பாரு. இவரு ‘சரிங்க’ன்னு தலையை ஆட்டுவாரு. வாய் சுவிட்சுல இடிச்சு, கை வெடுக்குனு தூக்கி, சோறு டாக்டரு சட்டையில! ‘பேசாதீங்க’ன்னா அதுக்கும் ‘சரிங்க’!”

“ஒருத்தரு சொல்றப்ப பதில் சொல்லாம இருந்தா மரியாதையா இருக்குமா?”

“அதானுங்க. கடைசியில நான் பக்கத்துல நின்னு, அவருக்குப் பதிலா ‘சரிங்க, சரிங்க’ன்னேன். அவரு அசையாம இருந்தாரு. கரண்டி நேரா வாய்க்கு வந்துருச்சு. பட்டையை எங்களுக்கே குடுத்துட்டாங்க.”

“இப்ப எங்க போற?”

“கம்பெனிக்குத்தானுங்க. பக்கத்து ஊட்டம்மா பட்டையைக் கட்டி, பேச்சுக் குடுக்காமச் சோத்தை முன்னால வெச்சாப் போதும். அவரே உண்டுக்குவாரு.”