தேஸ்கல்கோ இல்லாத வரைபடம்

அந்தத் தாளைச் சுருட்டாதீர்கள் ஐயா. அத்திமரப் பட்டையை அடித்துச் செய்தது. மழைநாளில் சுருட்டினால் வண்ணம் ஒட்டிக்கொண்டு கையோடு வந்துவிடும். மேசைமேல் விரித்தே இருக்கட்டும், மூலைக்கொரு கல் வைத்தால் போதும்.

வரைந்தது நான்தான். என் பெயர் பல்த்தசார், இந்த சான் அந்தோலின் ஊரின் சித்திரக்காரன். எங்கள் படங்களில் மலைக்கு மணி வடிவம், ஆற்றுக்கு நீலச் சுழி, பாதைக்குக் கால்தடம். ஸ்பெயின்காரர்களாகிய நீங்கள் தூரத்தை அளந்து எழுதுகிறீர்கள். நாங்கள் ஜனங்கள் எங்கே நடக்கிறார்கள் என்று வரைகிறோம். இதற்காகவா மெக்சிக்கோ நகரத்திலிருந்து இவ்வளவு தூரம் விசாரிக்க வந்தீர்கள் என்று வருத்தமாக இருக்கிறது. பாதை மோசம்.

தோன் லோப்பே தன் ஆட்டு மந்தைக்கு மேய்ச்சல் நிலம் கேட்டிருந்தார். குடியும் பயிரும் இல்லாத நிலமென்றால் கொடுக்கலாம் என்பது அரசர் சட்டம். படம் வரைந்து தரும்படி ஊர் அதிகாரி என்னிடம் சொன்னார். அவர் பருத்த மனிதர். வெயிலில் அவரை மலையேற்றுவது பாவம். நான் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, "மேல ஒண்ணுமே இல்லையா, பல்த்தசார்?" என்றார்.

"படத்துல இருக்கறதுதான் எசமான் இருக்கு" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மலை வரைந்தேன், ஊற்று வரைந்தேன், கள்ளிச்செடிகளைக்கூட விடவில்லை. மலைமேல் இருந்த தேஸ்கல்கோவை மட்டும் வரையவில்லை. சின்ன ஊர்தான், கோயில்கூடக் கிடையாது.

காரணமில்லாமல் செய்யவில்லை. என் மனைவி இனேஸ் அந்த ஊர்க்காரி. கொள்ளைநோய் வந்த வருஷம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கைக்குழந்தையோடு அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினேன். கூடப் போயிருக்கலாம்தான். ஆனால் பாதிரிமார் மடத்துச் சுவரில் எனக்காகச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். ஈரம் காய்வதற்குள் வரைந்தாக வேண்டும், பாதியில் விட்டால் சுவரே வீண். எந்தச் சித்திரக்காரனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்.

தேஸ்கல்கோக்காரர்கள் நோய்க்குப் பயந்து முள்ளை வெட்டிப் போட்டுப் பாதையை அடைத்திருந்தார்கள். இனேஸின் அக்கா ஃபெலிப்பா முள்ளுக்கு மேலே கையை நீட்டிக் குழந்தையை மட்டும் வாங்கிக்கொண்டாள். தங்கையைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டார்கள். இறங்கி வரும் வழியில் ஒரு மரத்தடியில் அவள் செத்துக் கிடந்தாள். இன்றைக்கும் அந்த மரத்தைத் தாண்டும்போது சிலுவை போட்டுக்கொள்கிறேன் ஐயா. சண்டை போடத் தெரியாதவள். போ என்றால் போய்விடுவாள்.

ஆக, பாதையை அடைத்தது அவர்கள். பாதை இல்லையென்றால் கால்தடம் இல்லை. கால்தடம் போகாத இடத்தில் வீடு வரைவது எங்கள் வழக்கமில்லை.

முள்ளை மறுவருஷமே எடுத்துவிட்டார்கள், அது வாஸ்தவம். எனக்கும் தெரியும். அந்த வழியாகத்தான் மகளைக் கூட்டிவரப் போனேன். அதற்குள் மூன்று வருஷம் ஓடியிருந்தது. மடத்தில் சுவருக்குப் பின் சுவராக வேலை இருந்தது.

பெத்ரோனிலா முற்றத்தில் உட்கார்ந்து சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே இனேஸின் நெற்றி.

"அம்மா, இந்த ஆளு யாரு?" என்று ஃபெலிப்பாவைக் கேட்டாள்.

"அடிக் கழுதை, உங்கப்பாடி. போய்க் கும்பிட்டுக்கோ."

"பொய்யி. எங்கப்பா வயலுக்குப் போயிருக்காரு."

சொல்லிவிட்டு உள்ளே ஓடிப்போனாள். ஃபெலிப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. உங்க கையைப் பாருங்க, வான்கோழி அறுத்துட்டு வந்த மாதிரி செக்கச்செவேல்னு சாயம். புள்ள பயப்படாம என்ன செய்யும்? புது ஆளைக் கண்டா சோளக் குதிருக்குள்ள போய் ஒளிஞ்சுக்குவா. உள்ள வாங்க, ரெண்டு அடை சாப்பிடுங்க. நாலு நாள் இருந்து பழகுனா தானா ஒட்டிக்குவா."

நல்ல மனசோடுதான் சொன்னாள். சாப்பிட்டேன். என் சகலை மெல்ச்சோர் வயலிலிருந்து வந்ததும் குதிருக்குள்ளிருந்து குழந்தை பாய்ந்து வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டது. "அப்பா, அந்த ஆளு இன்னும் போகலை" என்றது. மெல்ச்சோருக்குத்தான் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் நல்லவன்.

அன்றைக்கே இறங்கி வந்துவிட்டேன். அந்த வாரம்தான் படம் வரைந்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஊர் இல்லாமல் போனால் ஜனங்கள் கீழேதானே வர வேண்டும்? பிள்ளையும் அப்பன் வீட்டுக்கு வந்து சேரும். பெற்றவன் இப்படி நினைப்பது குற்றமா?

நிலம் கொடுப்பதற்குமுன், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று பூசை முடிந்ததும் கோயிலில் கூவிக் கேட்டார்கள். தேஸ்கல்கோக்காரர்கள் திருவிழாவுக்குத்தான் கீழே வருவார்கள். நான் முன்வரிசையில் நின்றிருந்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தோன் லோப்பேயின் ஆட்கள் ஏறிப்போனபோது ஊரே குறுக்கே நின்றதாம். இங்கே ஊரே கிடையாது, நீங்கள் புதிதாகக் குடிசை போட்டு ஏமாற்றுகிறீர்கள் என்று சொல்லி அந்த ஆட்கள் கூரைகளுக்குத் தீ வைத்தார்கள். புல் கூரை, கோடைக் காற்று. எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள். என் மகள் புது ஆட்களைக் கண்டதும் குதிருக்குள் போயிருந்தாள். மெல்ச்சோர் அவளைத் தேடி உள்ளே போனான். அவனும் வரவில்லை.

படத்தில் ஆளில்லை, ஆளில்லாத இடத்தில் சாவு எப்படி நடக்கும் என்று தோன் லோப்பேயின் வக்கீல் கேட்கிறாராம். கெட்டிக்காரர். நான் அப்படிச் சொல்லமாட்டேன் ஐயா. ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்துதான், தெரிந்தே, அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். என்ன தண்டனை என்றாலும் ஒப்புக்கொள்கிறேன்.

வழக்குப் போட்ட ஃபெலிப்பா வாசலில் உட்கார்ந்திருக்கிறாள் என்றீர்கள். என் மகளை என்னிடமிருந்து பிரித்ததற்காக அவளை நான் மன்னித்துவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.