புது முகம் என்று திருப்பிய வாசல்

தலைமை ஏற்றிருக்கும் ஆலை மேலாளர் அவர்களே, பெரியோர்களே, வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, ஆலைப் பள்ளியில் என்னிடம் படித்துப் பெரியவர்களாகிவிட்ட பிள்ளைகளே, வணக்கம்.

ஆலை விழாவில் வாழ்த்திப் பேச அழைத்தார்கள். வயிறெரிந்து பேச வந்திருக்கிறேன்.

நம் அலுவலக மின்னஞ்சல் வாசலில் ஒரு காவல் உண்டு. முன்பின் தெரியாத சர்வர், அதாவது அஞ்சல் அனுப்பும் கணினி, கடிதம் கொண்டுவந்தால், "பிறகு வா" என்று திருப்பிவிடும். குப்பை அனுப்புகிறவன் திரும்ப வரமாட்டான். ஒழுங்கான சர்வர் மறுபடி வரும், அதைக் காவல் உள்ளே விடும். இதற்குப் பெயர் கிரேலிஸ்ட். தெரிந்தவர்களை நிறுத்தாமல் விடும் பட்டியல் வொயிட்லிஸ்ட். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் பள்ளி வாசலை நினைத்துப் பாருங்கள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை அழைத்துப்போக அப்பா வருகிறார். "புது முகம், அப்புறம் வாங்க." அவர் சித்தப்பாவை அனுப்புகிறார். "புது முகம், அப்புறம் வாங்க." பிறகு மாமா. அதே பதில். மூவரும் ஒரே வீடு என்று காவலாளிக்குத் தெரியுமா? அதுவரை காய்ச்சல் காத்திருக்குமா?

அதுதான் இங்கே நடந்தது. நூல் சுற்றும் பிரிவு அக்கா மூன்றாம் வரிசையில் இருக்கிறார். காப்பீடு ஆலை வழியாக என்பதால், அவர் மகளின் இதய அறுவைக்கான தேதியை மருத்துவமனை ஆலை முகவரிக்கே அனுப்பியது. இரண்டு நாளில் பதில் வேண்டும். மருத்துவமனைக்குப் பல சர்வர்கள். ஒவ்வொரு முறையும் வேறொன்று வந்து தட்டியது. ஒவ்வொன்றும் புது முகம். மருத்துவர் வரம் கொடுத்தும் வாசல் விடவில்லை. தேதி அடுத்தவருக்குப் போயிற்று.

கணினி அறைப் பெண்ணைக் கேட்டேன்.

"மூணு மாசம் முன்னாடியே ஆஸ்பத்திரிய வொயிட்லிஸ்ட்ல சேர்க்கணும்னு எழுதிக் குடுத்தேன் சார். கையெழுத்து வரல."

"இப்ப யாரும்மா அதுல இருக்கா?"

"மேனேஜர் சாரோட டென்னிஸ் கிளப்."

சிரிக்காதீர்கள். பந்தாட வந்த அழைப்புக்குத் திறந்த கதவு, பிள்ளையின் உயிருக்கு வந்த கடிதத்துக்கு மூடிக்கொண்டது. சிரிக்கவா முடிகிறது?

பின்னாலிருந்து, "மெஷின் தப்பு வாத்தியாரே" என்கிறார் ஒருவர். இல்லையப்பா. மெஷின் சொன்னதைச் செய்தது. சொல்ல வேண்டியவர் வாய் திறக்கவில்லை.

நாளை மருத்துவமனை புதுத் தேதி அனுப்புகிறது. இதே வாசலுக்கு.

மேலாளர் அவர்களே, அந்தப் பெண் எழுதிய தாள் இதோ. பேனாவும் இதோ. எனக்கு உங்கள் பாராட்டு வேண்டாம், கையெழுத்து வேண்டும். அதுவரை இந்த ஒலிவாங்கியை விடமாட்டேன். முப்பது ஆண்டு வகுப்பெடுத்தவன், நிற்கத் தெரியும்.

இன்னும் கீழே, ஐயா. கோட்டின் மேல்.

நன்றி. அக்கா, தாளைக் கணினி அறைக்கு நீங்களே கொண்டுபோங்கள். அவருக்கு வழி விடுங்கள் எல்லோரும். வணக்கம்.