தகர டாங்கி

வேணாம் தம்பி, பிளேன்ரீ குடிச்சிட்டுத்தான் வந்தனான். நீங்க ஒங்கட வேலையப் பாருங்க, நான் இந்தக் கதிரையில ஒரு கரையா இருக்கன். ஓமோம், வெல்டிங் மெசினை எடுக்கத்தான் வந்த. கீழ ஸ்டோர் றூமில கிடக்காம், வாச்சர் சொன்னான். தூக்க ஆளும் கூட்டியந்திருக்கன், ஓட்டோவில இருக்கான். மெசின் ஓடியா போகப் போகுது, பொறகு எடுப்பம். டைரக்டர் சீகிரியா பாக்கப் போயிட்டாராமே? நல்லது. இல்ல, நல்லது எண்டு சும்மாதான் சொன்னன்.

இவ்வளவு வடிவாத் துறைமுகம் தெரியிற யன்னலுக்கு யாரு தம்பி திரையப் போட்டது? ஓ, வெளிச்சம் பட்டா கொம்பியூட்டர் தெரியாதா. சரி சரி, கிடக்கட்டும்.

நீங்க கொழும்பில இருந்து முந்தநாள்தானே வந்த? இராகுலன், என்ன? வாச்சர்தான் பேரும் சொன்னான், படத்தை வெட்டி ஒட்டுற ஆள் எண்டு. அப்ப என்னைத் தெரிய ஞாயமில்ல. நான் ஸைனுலாப்தீன், குறிஞ்சாக்கேணி. கிண்ணியாவில எறங்கி ட்றக்டர் கராச் எங்க எண்டு கேட்டா சின்னப் புள்ளையும் கையக் காட்டும். இந்தப் படத்தில வாற ஜெர்மன் டாங்கி எல்லாம் நான் செஞ்சது.

எல்லாம் எண்டா மூணு. சிரிக்காதீங்க. ட்றக்டருக்கு மேல கம்பி அடிச்சு, கம்பிக்கு மேல தகரம் அடிச்சு, பீரங்கிக்கு பி.வி.சி. பைப். காலையில மூணும் நெஞ்ச நிமித்திக்கிட்டு நிண்டது. மத்தியானம் ளுஹர் பாங்கு சொல்ற நேரம் போய்ப் பாத்தா, வெயிலுக்கு பைப் மூணும் எளகி மூக்கால நிலத்தை மணந்துக்கிட்டு நிக்கிது. எனக்கெண்டா உசிர் போயிட்டு. டைரக்டர் கையத் தட்டிச் சிரிக்கிறார். இருக்கட்டும், இது தோத்த படைதானே எண்டார்.

ஒங்களுக்கு அந்தக் கதை தெரியும்தானே, படமே அதுதானே. எனக்கு இங்கிலீசு கொஞ்சம் ஓடும், சவூதியில இருந்து புடிச்சது. டைரக்டர் வெளிநாட்டுக்காரர்தானே, அவரே கராச்சுக்கு வந்து, தேத்தண்ணி குடிச்சுக்கிட்டே சொன்னார். ரெண்டாம் உலக யுத்தத்தில, ஜெர்மன்காரனுக்குச் சண்டை தோத்துப் போச்சு எண்டு நாட்டில எல்லாருக்கும் தெரிஞ்ச பொறகு, மேல இருந்தவனுகள் புதுசா ஒரு டாங்கிப் படை உண்டாக்கினானுகளாம். பேர் மட்டும் வாய் கொள்ளாத பேர். ஆக்கள் எங்க? டாங்கி பழகப் போன பொடியன்மார், பழக்கின வாத்திமார், கந்தோரில பேனை புடிச்சவன், பிளேன் இல்லாத பிளேன்காரன், ஆஸ்பத்திரியில பாதி சுகமான ஆள், எல்லாரையும் வாரி அள்ளி உடுப்பக் குடுத்து வரிசையில நிப்பாட்டிப் போட்டானுகள். டாங்கி கொஞ்சம், அதுவும் பெயிண்ட் காயாதது. எண்ணெய் இல்ல, மாட்டைக் கட்டி இழுத்தாங்களாம். மிச்சப் பேர் சைக்கிள். போங்க, போய் மறிங்க எண்டு அனுப்பிப் போட்டு, அனுப்பினவனுகள் வேற பக்கத்தால போயிட்டானுகள்.

இதை அவர் ஏதோ அதிசயம் மாதிரிச் சொல்றார். எங்கட கராச்சில நிண்ட ஆக்கள் தங்கட வேலையத் திரும்பவும் பாக்கத் தொடங்கிட்டாங்க. எங்களுக்கு என்ன அதிசயம் தம்பி அதில.

ஆனா எடுத்த நாளையில சிரிப்புக்குக் கொறை இல்ல. மாடு கேட்டார், எருமைதான் கிடைச்சிது. பனிக்கு நிலாவெளி உப்பு, லொறியில கொண்டந்து வயலுக்குக் கொட்டினாங்க. தூரத்தில சீனன்குடா எண்ணெய்க் குதம், காட்டுக்குள்ள துருப்பிடிச்சு நிக்கிதே, அதுதான் ஜெர்மன்காரன்ட எண்ணெய் ஆலை. உள்ளுக்கு விடமாட்டாங்க, நாங்க வேலிக்கு இங்கால. உப்புவெளியில வெயில் காய வந்த வெள்ளைக்காரப் புள்ளைகளுக்கு ஜெர்மன் உடுப்பப் போட்டாங்க. கந்தளாய்ச் சிங்களப் பொடியன்மார் அமெரிக்கன். டாங்கிக்குள்ள இருந்து ஓட்டினது எங்கட ஆக்கள், மொகம் தெரியாதுதானே. சிங்களவன், தமிழன், சோனி எல்லாரும் ஒரே சஹன்ல, ஒரு பெரிய தட்டைச் சுத்தி இருந்து சோறு திண்டம். வல்லாஹி, அது நல்ல படை.

அந்த டாங்கித் துண்டைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்களன். ஊட்டில சொல்லலாம், என்ட கைவேலை எப்பிடி வந்திருக்கு எண்டு.

மாஷா அல்லாஹ். என்ட தகரமா இது. ம், இது எருமை. இது வேணாம், தாண்டிப் போங்க. கடைசியில ஒருத்தன் டாங்கியால எறங்கி வருவான், கையத் தூக்கிக்கிட்டு. அதைப் போடுங்க.

நில்லுங்க. பாத்தீங்களா, டயர் தெரியுது. டாங்கிக்கு ஏது தம்பி டயர்? உலகம் சிரிக்கும். அந்தத் துண்டைத் தூக்கிப் போடுங்க.

அழிக்க ஏலுமா? டயரையா? கொம்பியூட்டராலயே? சரி. அங்க பாருங்க, காகம் ஒண்டு வந்து உப்பில இருக்கு. பனிக்குள்ள காகம் வருமா? வருமா. அதையும் அழிக்க ஏலுமா. அவன்ட கையில மணிக்கூடு கிடக்கு, கசியோ. அதையும்? அப்ப ஒங்களுக்கு அழிக்க ஏலாதது ஒண்டும் இல்ல. நான் இனி என்னத்தைக் காட்டுற.

என்ன, படத்தின்ட முடிவே அதா? டைரக்டர் சொன்னாரா, இதைப் போல ஒண்டு கிடைக்காது எண்டு?

தம்பி, ஒரு சொட்டுத் தண்ணி தாங்க.

நான் வெல்டிங் மெசினுக்கு வரல்ல. அந்தக் கையத் தூக்கிக்கிட்டு வாற பொடியன் என்ட கராச் பிட்டர். பொடியன் எண்டா இப்ப தாடி மீசையோட முப்பது தாண்டின ஆள், பிரதீஸ் எண்டு பேர். வெருகல் பக்கம் சொந்த ஊர். பாலையூத்தில கலியாணம் முடிச்சு அங்கயே இருக்கான். கன வருசமா என்னோட. மூத்த அண்ணனைக் கூப்பிடுற மாதிரி காக்கா காக்கா எண்டு, என்ட ஊட்டில ஒரு புள்ள மாதிரி. அவனை இந்தப் படத்தில இருந்து எடுத்துடுங்க. ஏன் எண்டு கேக்காதீங்க. அதைச் சொன்னா ரெண்டாந் தரமும் சொன்னதாப் போயிடும்.

இல்ல, ரெண்டாந் தரம் எண்டா சொன்னனான்? வாய் தடுமாறிட்டு.

சரி, சொல்லாம நீங்க எடுக்கப் போறதில்ல. கேளுங்க. படம் புடிக்க முதல் நாள், அந்த டாங்கியை ஓட்டிப் பாக்க அவன் உள்ளுக்கு எறங்கினான். நான் மேல இருந்து மூடியச் சாத்தினன். உள்ள இருந்து ஒரு சத்தம், ஆட்டுக்குட்டி கத்துற மாதிரி. திறந்து பாத்தா வேர்த்து வடியுது. மூடாதீங்க காக்கா, மூடிய மட்டும் மூடாதீங்க எண்டான். வெளிய எடுத்து, தண்ணி குடுத்து, என்னடா எண்டு கேட்டன். அண்டைக்குத்தான் வாயத் திறந்தான். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லல்ல, பொஞ்சாதிக்கும் சொல்லல்ல.

பள்ளிக்கூடத்துப் பொடியனா இருக்கக்குள்ள வன்னிக்குப் போயிருக்கான், பெரியம்மா ஊட்டில நிண்டு படிக்க. பாதையப் பூட்டிட்டாங்க. சண்டையின்ட கடைசி மாசங்கள், ஊட்டுக்கு ஒராள் எண்டு இயக்கம் புள்ளைகளைப் புடிச்ச நேரம். இவனையும் கொண்டு போயிட்டாங்க. பெரியப்பாட வயலில ட்றக்டர் ஓடிப் பழகினவன், அதுக்காக ஒரு ட்றக்டரில ஏத்தியிருக்காங்க. சுத்தி இரும்புத் தகடு அடிச்சு, மேல மூடி போட்ட ட்றக்டர். கூட ஏறின பொடியன்மார் ஒருத்தன்ட பேர் மத்தவனுக்குத் தெரியாது. போ, போய் மறி எண்டு அனுப்பியிருக்காங்க. கொஞ்சத் தூரத்தில அது நிண்டு போச்சு. உள்ளுக்கு இருந்து இவன் மட்டும்தான் வெளிய வந்தவன்.

உடுப்பக் கழட்டி எறிஞ்சிட்டு சனத்தோட சனமா நடந்திருக்கான். ஆமி நிண்ட இடத்தில, இயக்கத்தில ஒரு நாள் இருந்தாலும் தனிய வா எண்டு ஸ்பீக்கரில சொன்னாங்களாம். இவன் போகல்ல. பக்கத்தில வந்த ஒரு பொம்பள சிங்களத்தில ஒரு வசனம் சொல்லிக் குடுத்திருக்கா. மம இஸ்கோலே லமயெக், மாத்தயா. நான் பள்ளிக்கூடத்துப் புள்ள ஐயா எண்டு. அதைச் சொல்லிச் சொல்லியே தப்பி வந்தான். எங்கயும் பதிவு இல்ல. இண்டு வரைக்கும் கதவில ஒரு தட்டுக் கேட்டா அவனுக்கு நெஞ்சடிக்கும்.

இதை ஆருக்கும் சொல்லாதீங்க காக்கா எண்டு கையப் புடிச்சான். வல்லாஹி சொல்லமாட்டன் எண்டு அல்லாஹ்வில சத்தியம் பண்ணினன்.

அடுத்த நாள் இந்தத் துண்டு. மூடி திறந்தபடியே ஓட்டட்டும், எறங்கி வந்து கையத் தூக்கட்டும், அவ்வளவுதான் சொல்லிக் குடுத்தது. ரெண்டு தரம் எடுத்தாங்க. கந்தளாய்ப் பொடியன்மார் ஹேண்ட்ஸ் அப் எண்டு கத்த, இவன் கையத் தூக்கிக்கிட்டு இளிச்சுக்கிட்டு வாறான். சரி வரல்ல. மூணாந் தரம் டைரக்டர் எழும்பிப் போய் அந்தப் பொடியன்மாரின்ட காதில என்னமோ சொன்னார். பொறகு பாத்தா, துவக்க நீட்டிக்கிட்டு அவனுகள் சிங்களத்தில கத்துறானுகள். அத் உஸ்ஸபங். அத் உஸ்ஸபங். கையத் தூக்கு எண்டு.

போடுங்க, நீங்களே பாருங்க. சத்தத்தையும் வைங்க. ஒங்களுக்குச் சிங்களம் தெரியும்தானே. டைரக்டருக்குத் தெரியாது, ஏதோ ஜெர்மன் பாசை மாதிரி நல்லா இருக்கு எண்டாராம்.

ஆரும் சொல்லாம சட்டையக் கழட்டுறான். பெல்ட்டைக் கழட்டுறான். முழங்காலில இருக்கான், கையப் பொடரியில வைக்கிறான். கேக்குதா? இந்தத் தாடியோட, இந்த வயசில. நான் பள்ளிக்கூடத்துப் புள்ள ஐயா, நான் பள்ளிக்கூடத்துப் புள்ள. மொதல்ல ரெண்டு கந்தளாய்ப் பொடியன்மார் சிரிச்சானுகள். பொறகு சிரிக்கல்ல. அந்தா, அவனுக்குக் கீழ உப்பு நனையுது. நீங்க பாக்காதீங்க தம்பி. நானும் பாக்கல்ல.

கட் எண்டு சொன்ன பொறகும் எழும்பல்ல அவன். ஒரு கந்தளாய்ப் பொடியன்தான் துவக்கக் கீழ போட்டுட்டுத் தண்ணிப் போத்தலோட ஓடினான். அவனுக்கு அல்லாஹ் நல்லதைக் குடுக்கோணும். மத்த எல்லாரும் கை தட்டினாங்க. அந்தச் சத்தம் கேக்குதே, மொதல்ல தனிய ஒரு கை, பொறகு எல்லாம். அந்த மொதல் கை நான். என்ட கராச் ஆள், என்னமா நடிக்கிறான் எண்டு தட்டினன். நடிப்பு இல்ல எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் தட்டினன். என்ட கையை என்ன செய்யிற எண்டு எனக்குத் தெரியல்ல தம்பி.

இது டீவியில போனா அவன் முடிஞ்சான். சிங்களம் தெரிஞ்ச எவனும் ஒரு தரம் கேட்டாக் காணும். பொஞ்சாதி கேப்பா, மாமனார் கேப்பார், விசாரிக்கிற ஆக்கள் வருவாங்க.

அவனுக்கு முன்னால சிங்களத்தில கத்தச் சொல்ல டைரக்டருக்கு எப்பிடித் தெரியும் எண்டா? ஆருக்குத் தெரியும். ஊரில நாலு பேர் கதைப்பாங்கதானே.

என்ன செய்யிறீங்க? முழுசாவா? அந்த மூணாந் தரம் மட்டும்தான், மத்த ரெண்டும் இருக்கட்டும். அவன் இளிக்கிறது. அதை வைங்க, அது நல்லா இருக்கு. வேற எங்கயும் இல்லையே? கமராவில? அழிச்சிட்டுத்தான் இதில ஏத்தினதா. டைரக்டர் ஒங்களை ஏசுவாரே. ஏசட்டும் எண்டா சொல்றீங்க. அல்லாஹ் ஒங்கட ஹயாத்தை நீட்டி வைக்கட்டும் தம்பி. ஒங்கட உம்மாவுக்கு நல்ல புள்ளதான்.

அப்ப நான் எறங்குறன். அவன் கன நேரமா வெயிலுக்குள்ள. ஓம், கீழ ஓட்டோவில இருக்கிறது அவன்தான். மெசினைத் தூக்க ஆள் வேணும்தானே. இஞ்ச வந்தது ஏன் எண்டு அவனுக்குத் தெரியாது.

இன்னும் அதையே கேக்குறீங்க. எனக்கு மட்டும்தானே அவன் சொன்னது, அப்ப டைரக்டருக்கு ஆர் சொன்னது எண்டு. வேற ஆர்? அண்டைக்குப் பின்னேரம் டைரக்டர் என்ட தோளில கையப் போட்டு, நீ இல்லாட்டி என்ட படை இல்ல எண்டார். அந்தப் பெருமையில எனக்குக் கால் நிலத்தில படல்ல. மை பாய், சேம் வார், சேம் டாங்க் எண்டு நானே சொன்னன். அவன் சொன்ன அந்தச் சிங்கள வசனத்தையும் சொன்னன், நடிச்சும் காட்டினன். சத்தியம் பண்ணின அதே நாள், பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குக் கூட நேரம் ஆகல்ல.

அவனுக்குத் தெரியாது. அந்தச் சிங்களக் கத்தல் தற்செயலா வந்திட்டு எண்டுதான் நினைச்சிட்டிருக்கான். நேத்து கராச்சுக்கு வந்து, கண்ணைப் பாக்காம நிலத்தைப் பாத்துக்கிட்டு நிண்டான். காக்கா, அவ்வளவு சனத்துக்கு முன்னால ஒங்கட மானத்தை வாங்கிட்டன், என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க எண்டான்.

நான் அவன்ட முதுகில தட்டி, பரவாயில்லடா, மன்னிச்சிட்டன் எண்டு சொன்னன்.