தொண்டைக்கு இதமாக

கணவனும் மனைவியும் ஆசிரியர்களாக இருந்தால் அந்த வீட்டில் இரண்டு வியாதிகள் கட்டாயம் குடியிருக்கும். எங்கள் வீட்டில் அவளுக்குத் தொண்டை, எனக்குத் தூசு. நெரிசலான வகுப்பில் குரலை உயர்த்தி உயர்த்தி அறிவியல் நடத்தியதில் அவள் குரல் கரகரத்துப் போனது. எனக்குச் சுண்ணக்கட்டித் தூசு ஆகாது. நான் சரித்திரம் நடத்துகிறவன். ஒரு போரை ஆரம்பித்தால் அது முடிவதற்குள் பத்துத் தும்மல் தும்மிவிடுவேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் தும்மல் சார். எனக்கு அதில் வருத்தமில்லை, அவர்கள் வைத்ததிலேயே மரியாதையான பெயர் அதுதான்.

மேடம், தேநீருக்கு நன்றி. காவல் நிலையத்தில் இவ்வளவு நல்ல தேநீர் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. எதையும் மறைக்காமல் சொல்கிறேன், ஆனால் வரிசையாகச் சொல்ல விடுங்கள். முதலில் வள்ளல்.

எங்கள் அரசுப் பள்ளியில் மழைக்காலத்தில் வகுப்புக்குள் குடை பிடித்துக்கொண்டு பாடம் நடத்துவோம். பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி செய்து விற்றுப் பெரும் பணக்காரரான ஒருவர் வந்து கூரை போட்டுக் கொடுத்தார். எல்லோரும் அவரை வள்ளல் என்போம். அவருடைய செயலாளர் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார். கூரையின் மேல்பக்கம் வள்ளலின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினார்கள். விமானத்தில் போகிறவர்களுக்கும் தெரிய வேண்டாமா? பெஞ்சில் பெயர், கரும்பலகையின் நான்கு மூலையிலும் பெயர், கழிப்பறைக் கதவில் உள்பக்கமும் பெயர். நோட்டு அட்டையில் இருந்த அவர் படத்துக்குப் பிள்ளைகள் மீசை வரைந்துவிட்டார்கள். அடுத்த வருடம் மீசையோடேயே அச்சாகி வந்தது. பெருந்தன்மையான மனிதர்.

வள்ளலுக்குக் கல்வியைப் பற்றிச் சொந்தமாக ஒரு சிந்தனை உண்டு. தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மூடியைத் திறக்க வேண்டியதில்லை, வெளியே ஒரு கோடு இருந்தால் போதும் என்பார். பிள்ளைகளுக்கும் அப்படியே. மாதம் ஒரு பரீட்சை, வகுப்புச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு. பிள்ளையின் பெயர் கோட்டுக்கு மேலே இருக்கும், இல்லையென்றால் கீழே. தொடர்ந்து கீழே கிடக்கிறவர்களைக் கைத்திறன் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அந்தப் பிரிவு வள்ளலின் தொட்டித் தொழிற்சாலைக்குள்ளேயே இருந்தது. பஸ் இலவசம்.

முதலில் சில பள்ளிகளில் நடந்ததை எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் சட்டமாக்க ஏற்பாடு நடந்தது. நன்கொடை தருகிறவர் பாடத்தையும் முடிவு செய்யலாம், ஆசிரியர்களையும் முடிவு செய்யலாம், எந்தப் பிள்ளை வகுப்பில் இருக்கலாம் என்பதையும் முடிவு செய்யலாம். ஆசிரியர் சங்கம் எதிர்த்தது. எதிர்ப்புக்குத் தலைமை என் மனைவி.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?" என்று ஒருநாள் அவளிடம் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மாடு கொல்லையில நின்னா நான் ஏங்க பல்லைப் பாக்கப் போறேன்? அது உள்ள வந்து கட்டில்ல படுத்துக்கிட்டு நம்மள வெளிய போகச் சொல்லுது."

நான் சிரித்துவிட்டேன். அவள் பேச்சு அப்படி. சங்கக் கூட்டத்தில் அவள் பேசி முடித்தால் கைதட்டல் அடங்க நேரமாகும். பின்வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டுவேன். எனக்குப் பொறாமை என்று எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் உங்களிடம் சொல்லியிருப்பார். அப்படி எதுவும் இல்லை. ஒரே வீட்டில் ஒருவருக்கே கைதட்டல் வந்துகொண்டிருந்தால் இன்னொருவருக்குக் கை வலிக்கும், அவ்வளவுதான்.

கைத்திறன் பிரிவுக்குப் போன பிள்ளைகளின் வீடுகளுக்கு அவள் ஒவ்வொன்றாகப் போய் வந்தாள். ஒரு பெண்குழந்தைக்கு முழங்கை வரை சூடு பட்டிருந்ததாம். "வேலைன்னு சொல்லக் கூடாதாம் டீச்சர், பயிற்சின்னுதான் சொல்லணுமாம்" என்று அந்தத் தாய் அழுதிருக்கிறாள். சட்டத்தைப் பற்றி அரசு நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வந்து இதைச் சொல்ல அந்தத் தாய்மார்கள் சம்மதித்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. "நீங்க மொதல்ல பேசுங்க டீச்சர். உங்க வாய் திறந்தாத்தான் எங்க வாய் திறக்கும்." பெரிய மனிதர்களுக்கு எதிரே பேசிப் பழக்கமில்லாதவர்கள், பாவம்.

அந்த வாரம் வள்ளலின் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் தலைமை ஆசிரியர் ஓய்வு பெறப்போவதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். கிளம்பும்போது வாசலில் நின்று, "டீச்சரம்மா ரொம்ப அலையறாங்களே சார், உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றார். இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், மேடம். யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அவளுக்கு ஓய்வு தேவை என்பது முழுக்க முழுக்க என் சொந்த அபிப்பிராயம்.

மேடையில் பேச வேண்டிய நாட்களில் அவளுக்கு நான்தான் பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி, இஞ்சியும் தேனும் கலந்து கொடுப்பேன். தொண்டைக்கு இதமாக இருக்கும். கல்யாணமான புதிதிலிருந்து அது என் பொறுப்பு. எத்தனை கணவர்கள் இதைச் செய்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கூட்டத்தன்று காலையில் மட்டும் தேன் கொஞ்சம் அதிகமாக ஊற்ற வேண்டியிருந்தது. என் தும்மல் மாத்திரை கசக்கும்.

அதைத் தரும்போதே டாக்டர் எச்சரித்திருந்தார், "இதைப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டாதீங்க, தூக்கம் ஆளை அடிச்சுப் போட்டுரும்" என்று. எனக்கு ஒன்றே போதும். அவளுக்கு ஒன்று போதாது, மன உறுதி உள்ளவள்.

ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு என்னங்க இவ்வளவு பாசம்? தேன் தூக்கலா இருக்கு" என்றாள்.

கூட்டத்தில் நன்றாகத்தான் ஆரம்பித்தாள். பிறகு வார்த்தைகள் குழைந்தன. நனைந்த சுண்ணக்கட்டியால் எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? கை அசையும், எழுத்து விழாது. அப்படித்தான் இருந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு "பிள்ளைங்க... பிள்ளைங்க..." என்றாள், அதற்கு அடுத்த சொல் வரவில்லை. பின்னாலிருந்து யாரோ, "டீச்சர் காலையிலேயே போட்டுட்டு வந்துட்டாங்கப்பா" என்றார்கள். மண்டபமே சிரித்தது. தாய்மார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கையில் கட்டுப் போட்டிருந்த அந்தக் குழந்தையை அதன் அம்மா மெல்ல எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். மற்றவர்களும் பின்னாலேயே எழுந்து போனார்கள். அவள் சரிந்தபோது முதலில் மேடைக்கு ஓடித் தாங்கியவன் நான். வீடியோவில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அந்த வீடியோவை உலகமே பார்த்தது. குடிகார டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். அவளைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். சட்டம் நிறைவேறியது. நான் தலைமை ஆசிரியர் ஆனேன். தகுதி அடிப்படையில்.

ஆனால் அந்தப் பெயரை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை, மேடம். என் மனைவி ஒரு துளி குடித்ததில்லை. அவளைப் போய் குடிகாரி என்றால் எனக்கு வயிறு எரியாதா? யோசித்தேன். ஒரு தடவை தள்ளாடினால் ஊர் குடி என்று சொல்லும். இன்னொரு தடவையும் தள்ளாடினால் நோய் என்று சொல்லும். நோயைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. ஆகவே கல்வித் துறை விசாரணைக்கு அவள் புறப்பட்ட காலையிலும் பிளாஸ்கை நிரப்பினேன். நினைத்தபடியே நடந்தது. உடல்நலக் குறைவு என்று எழுதி வேலையிலிருந்து கௌரவமாக அனுப்பிவைத்தார்கள். அவள் மானம் காப்பாற்றப்பட்டது. பிறகு மூளையில் ஏதாவது இருக்குமோ என்று பயந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தாள். ஒவ்வொரு தடவையும் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் கூடப் போனேன்.

விசாரணை நாளில் அவளுக்குத் துணையாகப் போன கணக்கு வாத்தியார்தான் காரியத்தைக் கெடுத்தார். பிளாஸ்கில் மிச்சமிருந்ததை அவர் குடித்திருக்கிறார். திரும்பி வரும் பஸ்ஸில் அப்படியே தூங்கிப்போய், கடைசி நிறுத்தத்தில் நடத்துனர் உலுக்கி எழுப்பியிருக்கிறார். மனிதர் பிளாஸ்கைக் கழுவாமல் நேரே உங்களிடம் கொண்டு வந்து கொடுத்துவிட்டார். அடுத்தவர் பாட்டிலில் வாய் வைக்கக் கூடாது என்று தினமும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். வாத்தியாருக்கே தெரியவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில், ஆம். இரண்டு தடவையும் நான்தான் கலந்தேன். வருத்தப்படுகிறேனா என்று கேட்கிறீர்கள். எங்கள் பள்ளியில் இப்போது ஒரு சொட்டு ஒழுகுவதில்லை. சுவரில் கோட்டுக்குக் கீழே ஒரு பெயர் கிடையாது. கீழே இருந்தவர்களை ஏற்றிக்கொண்டு தினமும் காலையில் தொழிற்சாலை பஸ் புறப்படும்போது நான் வாசலில் நின்று கையசைத்து அனுப்புகிறேன். முன்பெல்லாம் சிலது அழும். இப்போது பழகிவிட்டது.

அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். கணக்கு வாத்தியார் சொன்னதை அவள் நம்பவில்லை. "எங்க வீட்டுக்காரரைப் பத்தி இனிமே ஒரு வார்த்தை பேசாதீங்க" என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். இந்தச் சில மாதங்களில் வெளியாள் ஒருவரிடம் அவள் சேர்ந்தாற்போல் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். மற்றபடி அதிகம் பேசுவதில்லை, நாக்கு மறுபடி ஏமாற்றிவிடுமோ என்று பயம்.

இங்கே வரும் வழியில் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னால உங்களுக்கு எவ்வளவு தலைக்குனிவு. என்னை நம்பி வந்த பிள்ளைங்களையும் கைவிட்டுட்டேன். மன்னிச்சிடுங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

"மன்னிச்சு ரொம்ப நாளாச்சும்மா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.