தாம்பூலத் தட்டு

— இதென்ன மேதா, காகிதத்துல எங்க மூணு பேரையும் மூணு புள்ளியா வெச்சிருக்கே?

— ஒரகடம் கார் ஃபாக்டரி லைன்ல தினம் என் வேலை இதுதானேப்பா. கார்ப்பெட் போட்டாத்தான் சீட்டு மாட்டலாம். எது முன்னாடியோ அதுலேருந்து ஒரு அம்பு. இப்ப சொல்லுங்கோ, என் கல்யாணத்துல முதல் தாம்பூலம் யாருக்கு?

— முறைன்னா முறை. வயசுல மூத்தவாளுக்கு.

— வத்ஸலா அத்தைலேருந்து ஜனார்தன் சித்தப்பாவுக்கு அம்பு. உங்களுக்கும் சித்தப்பாவுக்கும்?

— தம்பியானாலும் கோயில் கைங்கர்யம் பண்றவன். நான் பேங்க்ல உத்யோகம் பாத்தவன். அவன்தான் முதல்.

— சரி. உங்களுக்கும் அத்தைக்கும்?

— அக்காதான். ஆனா வேற ஆத்துக்குப் போயிட்டா. இந்த ஆத்துப் பேரைக் காப்பாத்தறவன் நான். நான்தான் முன்னாடி.

— அம்பு மேல விரலை வெச்சு ஓட்டுங்கோ.

— அக்கா... ஜனார்தன்... நான்... மறுபடி அக்கா. சுத்தறதேடி!

— ரெண்டு பேருக்கு நடுவுல அம்பே இல்லைன்னா சேர்ந்தே குடுத்துடலாம். சுத்தினாத்தான் வரிசையே கிடையாது. யாருக்கு முதல்ல குடுத்தாலும் ஒரு முறை உடையும்.

— அப்ப நம்ம பெரியவ ப்ரீதி கல்யாணத்துல நடந்த சண்டை...

— யார் மேலயும் தப்பில்லைப்பா. அத்தை பாதியில கிளம்பிப் போய் பதினோரு வருஷம் வராததுதான் மிச்சம்.

— என் முறை சரின்னு மார்தட்டிண்டு இருந்தேனே. இதுக்கு வழி?

— ஒரு அம்பை அழிக்கணும்.

— எதை? வயசையா, பெருமாளையா, ஆத்துப் பேரையா? மாட்டேன்.

— இல்லைன்னா ஒரு புள்ளியை எடுக்கணும். சுத்து அறுந்துடும்.

— மனுஷாளை எப்படிடி எடுக்கறது?

— தாம்பூலம் வாங்கறவாதானே வரிசையில இருப்பா? குடுக்கறவா இருக்க மாட்டாளே.

— அன்னிக்கு அக்கா, "தட்டை இப்படிக் குடும்மா"ன்னு உங்கம்மாகிட்ட கையை நீட்டினா. முதல் தாம்பூலத்தைப் பறிக்க வரான்னு நினைச்சேன். சபை நடுவுல, "கையை இறக்கு"ன்னேன்.

— அத்தை வாங்க வரலை, இல்லையாப்பா?

— குடுக்க வந்திருக்கா. நாங்க மூணு பேரும் முட்டிக்கக் கூடாதுன்னு வரிசையிலேருந்து தானாவே விலகிக்க வந்தவ... அவ நம்பர் இருக்கா உன்கிட்ட?

— வாரா வாரம் பேசறேன். உங்களுக்குத்தான் தெரியாது. இந்தாங்கோ, ரிங் போறது.

— அக்கா? ராகவன்தான். அந்தத் தட்டு... மேதா கல்யாணத்துல நீ பிடிச்சுக்கறியா?